மைதானத்தை மிதிக்காமலே கொடுத்த வாக்கு

2020 மார்ச் 13. கொரோனா பயத்தில் அமெரிக்கா ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டிருந்த வாரம். அங்கே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு அன்று ஓர் உத்தரவு போட்டது. எந்தக் கல்லூரிப் பயிற்சியாளரும் எந்தப் பள்ளி மாணவரையும் நேரில் சந்திக்கக் கூடாது. மாணவரின் வீட்டுக்கும் போகக் கூடாது, பள்ளிக்கும் போகக் கூடாது. அவரையும் அவருடைய அப்பா அம்மாவையும் கல்லூரிக்கு வரவழைத்துச் சுற்றிக் காட்டவும் கூடாது. போன், மெசேஜ், கடிதம், வீடியோ கால் மட்டும் சரி. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டெட் பீரியட்’. ஒரு மாதத்துக்கு என்று ஆரம்பித்ததை நீட்டித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் அது முடிந்தது 2021 மே 31 அன்று. பதினான்கு மாதங்களுக்கும் மேல்!

நேரில் பார்க்க வழியில்லை என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ‘எல்லாம் சரியாகட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்’ என்று காத்திருப்பார்கள் என்றுதான் நினைப்போம். கல்லூரி ஃபுட்பாலில் நடந்தது நேர்மாறு. அந்த ஏப்ரல், மே மாதங்களில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ‘நான் உங்கள் கல்லூரிக்கே வருகிறேன்’ என்று வரிசையாக வாக்குக் கொடுத்தார்கள். வழக்கமான ஆண்டுகளில் அந்த மாதங்களில் வருவதைவிட அது மிக அதிகம். பலர் அந்தக் கல்லூரி இருக்கும் ஊரில் காலே வைத்ததில்லை.

ஏன் அப்படி அவசரப்பட்டார்கள்? அந்த வாக்குகள் பிறகு என்ன ஆயின? பிள்ளைகளின் படிப்பு பற்றி முடிவெடுக்கும் எந்த வீட்டுக்கும் இதில் யோசிக்க விஷயம் இருக்கிறது.

முட்டை வடிவப் பந்தும் 25 இடங்களும்

முதலில் ஒரு விளக்கம். இது மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆடும் கால்பந்து இல்லை. தலைக்கு ஹெல்மெட், தோளுக்குத் தடுப்புக் கவசம், கையில் முட்டை வடிவப் பந்து என்று அமெரிக்கர்கள் ஆடும் ஃபுட்பால். டல்லஸ், ஹூஸ்டன் பக்கம் மகனோ மகளோ இருந்து அங்கே போய்த் தங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் ஊரே பள்ளிக்கூட மைதானத்தில் கூடிவிடும். கல்லூரி ஆட்டம் அதைவிடப் பெரிய திருவிழா. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம்.

உயர்நிலைப் பள்ளிகளில் இந்த ஆட்டத்தை ஆடுகிற பையன்கள் சுமார் 10 லட்சம் பேர். ஆட்டத்தின் உச்சத்தில் இருக்கும் கல்லூரி அணிகளோ அப்போது சுமார் 130. ஓர் அணி மொத்தம் 85 பேருக்கு முழு ஸ்காலர்ஷிப் தரலாம், அதில் ஓர் ஆண்டில் புதிதாகச் சேர்ப்பது 25 பேரைத்தான் என்பது அன்றைய விதி. கணக்குப் போட்டால் நாடு முழுக்க ஆண்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம் இடங்கள். படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாமே அதில் அடங்கிவிடும். நான்கு ஆண்டுக்குச் சொந்தக் காசு கட்டுவதானால் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டும் கல்லூரிகள் அங்கே உண்டு. சாதாரண வருமானக் குடும்பத்துக்கு இந்த ஸ்காலர்ஷிப் எப்பேர்ப்பட்ட விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த இடத்தைப் பிடிப்பது எப்படி? பயிற்சியாளர் ஒரு பையனைப் பிடித்துப்போய் ‘ஆஃபர்’ கொடுப்பார். பையன் ‘வருகிறேன்’ என்று சொன்னால் அது ‘கமிட்மென்ட்’. இது வெறும் வாய் வார்த்தை. பெண் பார்த்துவிட்டு ‘எங்களுக்குச் சம்மதம்’ என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. தாம்பூலம் மாற்றவில்லை, பத்திரிகை அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் மனசு மாறலாம். கையெழுத்துப் போடும் நாள் டிசம்பரில் வரும், இல்லாவிட்டால் பிப்ரவரியில். அதற்குப் பிறகுதான் அது ஒப்பந்தம்.

ஆஃபரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 25 இடத்துக்கு ஒரு கல்லூரி நூற்றுக்கணக்கான பேருக்கு ஆஃபர் கொடுத்து வைத்திருக்கும். ‘சரி, வருகிறேன்’ என்று உடனே சொல்லக்கூடிய ஆஃபர் அதில் சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு அது ‘உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற அளவுதான். வீட்டில் கேக் வெட்டிக் கொண்டாடிவிட்டு, பிறகுதான் விவரம் புரிந்துகொண்ட குடும்பங்கள் நிறைய.

பயம் இரண்டு பக்கமும்

வழக்கமான ஆண்டில் ஏப்ரல் பாதியிலிருந்து மே கடைசி வரை பயிற்சியாளர்கள் பள்ளி பள்ளியாகச் சுற்றுவார்கள். ஜூனில் கல்லூரிகளில் பயிற்சி முகாம் நடக்கும். பையன் உண்மையில் எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம், தோற்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறான் என்பதையெல்லாம் அங்கேதான் பார்ப்பார்கள். 2020-ல் இரண்டுமே இல்லை.

அப்போது பயிற்சியாளர்கள் போட்ட கணக்கு எளிமையானது. ஏற்கெனவே பார்த்த பையன்களை உடனே உறுதி செய்துகொள். பார்க்காதவனைப் பற்றி யோசிக்காதே. போட்டிக் கல்லூரியும் நேரில் போக முடியாது என்பதால், இப்போது வாக்கு வாங்கிவிட்டால் அவனை யாரும் வந்து கலைக்க மாட்டார்கள். அதனால் போனில் ஒரு வசனம் திரும்பத் திரும்ப ஒலித்தது: ‘உன் இடத்தில் ஆடுகிறவர்கள் இந்த வருஷம் எங்களுக்கு மூன்று பேர்தான் வேண்டும். இரண்டு பேர் சரி சொல்லிவிட்டார்கள். நீ என்ன சொல்கிறாய்?’

இந்த வசனம் பதினேழு வயதில் எப்படி வேலை செய்யும்! அந்தப் பையன்களுக்கு ஏற்கெனவே போதுமான பயம் இருந்தது. பள்ளியின் கடைசி ஆண்டு ஆட்டங்கள் நடக்குமா என்பதே தெரியாது. கலிஃபோர்னியா மாநிலம் 2020 இலையுதிர்காலப் போட்டிகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியே வைத்துவிட்டது. வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வேலை போயிருந்தால், ஸ்காலர்ஷிப் என்ற சொல்லுக்கே வேறு எடை வந்துவிடும். கையில் இருப்பதை விட்டுவிடக் கூடாது என்றுதான் எந்தக் குடும்பமும் நினைக்கும்.

பயம் வீண் என்றும் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ. இன்னொரு முடிவு எடுத்தது. கொரோனா ஆண்டு யாருடைய கணக்கிலும் சேராது, கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்கிறவர்கள் இன்னும் ஓர் ஆண்டு ஆடலாம். அவர்களுக்கு அது நியாயம். கீழே பள்ளியில் காத்திருந்தவர்களுக்கோ, பஸ்ஸில் எழுந்திருக்க வேண்டியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்கிற நிலைமை.

திரையில் தெரியாதது

கல்லூரிகளும் சும்மா இருக்கவில்லை. டிரோன் பறக்கவிட்டு வளாகத்தைக் காட்டினார்கள். ஜூமில் தலைமைப் பயிற்சியாளர், பாடப்பிரிவு ஆலோசகர், உடற்பயிற்சி நிபுணர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து பேசினார்கள். பையன்கள் பதிலுக்குத் தங்கள் ஆட்டத்தின் வீடியோக்களை அனுப்பினார்கள். சுவரோடு ஒட்டி நின்று, அளவு நாடா தெரியும்படி உயரத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்ன பயிற்சியாளர்களும் உண்டு.

எல்லாம் இருந்தது. முக்கியமானது இல்லை.

இந்த ஆட்டத்தில் ‘ஹோம் விசிட்’ என்று ஒரு பழைய வழக்கம். கோடிகளில் சம்பளம் வாங்கும் தலைமைப் பயிற்சியாளரே பையனின் வீடு தேடி வந்து, கூடத்தில் உட்கார்ந்து, அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, ‘உங்கள் பிள்ளையை என்னிடம் விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். அதில் நாடகம் உண்டுதான். ஆனாலும் ஒரு மனிதர் நம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனால், அம்மாக்களுக்குச் சில விஷயங்கள் பிடிபட்டுவிடும். தம்பி தங்கையிடம் ஒரு வார்த்தை பேசினாரா, பாட்டியைப் பார்த்து எழுந்து நின்றாரா, அவர் பேசும்போது பையன் முகம் எப்படி இருந்தது...

கல்லூரிக்குப் போய்ப் பார்ப்பதும் அப்படித்தான். பளபளக்கும் உடை மாற்றும் அறையை எந்தக் கேமராவும் காட்டிவிடும். பயிற்சியின்போது பந்தைத் தவறவிட்ட பையனிடம் பயிற்சியாளர் என்ன தொனியில் பேசுகிறார் என்பதை ஜூம் காட்டாது. அணியில் நான்காவது வரிசையில் இருக்கிற, ஆட வாய்ப்பே கிடைக்காத மாணவனை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் காட்டாது. சேர்கிறவர்களில் பெரும்பாலோர் முதல் ஆண்டில் அந்த வரிசையில்தான் நிற்கப்போகிறார்கள்.

இதைப் புரிந்துகொண்ட குடும்பங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. யாரும் வரவேற்க மாட்டார்கள் என்று தெரிந்தே, காரை எடுத்துக்கொண்டு கல்லூரி ஊர்களுக்குப் போனார்கள். பூட்டிய மைதானத்தை வெளியிலிருந்து பார்த்தார்கள். கடைத்தெருவில் நடந்தார்கள், அங்கேயே சாப்பிட்டார்கள். பயிற்சியாளரைச் சந்திக்காதவரை விதிப்படி தப்பில்லை. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்த கேலப் வில்லியம்ஸ் போன்ற பையன்கள், அந்தக் கோடையின் இறுதியில் தாங்களே பேசி வைத்துக்கொண்டு நார்மன் ஊரில் கூடினார்கள். பெரியவர்கள் ஏற்பாடு செய்ய முடியாததைப் பிள்ளைகளே செய்துகொண்டார்கள்.

வாக்குகள் என்ன ஆயின?

அந்த வசந்தத்தில் எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது டென்னசி பல்கலைக்கழகம். ஜெரமி ப்ரூயிட் அப்போது அங்கே தலைமைப் பயிற்சியாளர். சில வாரங்களுக்குள் வாக்குகள் மளமளவென்று குவிந்தன. ஆள் சேர்ப்புத் தரவரிசையில் டென்னசி நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் ஏறியது. பிறகு ஆட்டம் தொடங்கியது. அந்த ஆண்டு மூன்று வெற்றி, ஏழு தோல்வி. வாக்குக் கொடுத்தவர்களில் பலர் கையெழுத்து நாளுக்கு முன்பே விலகிவிட்டார்கள். 2021 ஜனவரி 18 அன்று ப்ரூயிட்டைப் பல்கலைக்கழகம் வேலையை விட்டே நீக்கியது. காரணம் தோல்வி மட்டும் இல்லை, ஆள் சேர்ப்பு விதிமீறல். அதை ஒட்டி 20 பேருக்கும் மேல் அணியை விட்டுப் போனார்கள். ‘உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று போனில் சொன்ன மனிதர், பையன் பெட்டியைப் பிரிக்கும் நேரத்தில் அங்கே இல்லை.

இன்னொரு கதை க்வின் யூவர்ஸ். டெக்சாஸ் பள்ளி மாணவர், அவர் வயதுக்காரர்களில் நாட்டிலேயே உச்சத்தில் மதிக்கப்பட்டவர். 2020 ஆகஸ்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்தார். அக்டோபரில் திரும்பப் பெற்றார். நவம்பரில் ஒஹாயோ ஸ்டேட்டுக்குச் சரி சொன்னார். பள்ளியின் கடைசி ஆண்டைத் தாண்டிக் குதித்து 2021-லேயே அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு களத்தில் அவருக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு ‘ஸ்னாப்’கள். அதே டிசம்பரில் கிளம்பி, முதலில் சரி சொன்ன டெக்சாஸுக்கே வந்தார். பிறகு அந்த அணியை இரண்டு முறை தேசிய அரையிறுதி வரை கொண்டுபோனார்.

கேலப் வில்லியம்ஸைப் பார்ப்போம். கொரோனாவால் பள்ளியின் கடைசி ஆண்டு ஆட்டங்கள் முழுவதையும் இழந்தவர். ஓக்லஹோமாவில் சேர்ந்து அசத்தினார். 2021 நவம்பரில் அவருடைய பயிற்சியாளர் லிங்கன் ரைலி திடீரென்று கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி.க்குத் தாவினார். சுமார் இரண்டு மாதத்தில் கேலபும் அங்கே போனார். 2022-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது, 2024-ல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆள்.

இவர்கள் இருவரும் ஜெயித்தவர்கள். முதல் முடிவு தவறிப்போனாலும் இன்னொரு கதவு திறக்கும் அளவுக்குத் திறமையும் பெயரும் இருந்தன. 2021 ஏப்ரலில் வந்த புதிய விதி, ஒருமுறை கல்லூரி மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை என்று வழியையும் எளிதாக்கியது. இவர்களை வைத்து ‘அவசரப்பட்டால் என்ன, பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று முடிவுகட்டினால் தப்புக் கணக்காகிவிடும்.

பின்வாசல் வழியாக

எல்லோரும் விதியை மதித்தார்களா? இல்லை. பூட்டு ஒன்று இருந்தால் அதைத் திறக்கப் பார்க்கிறவரும் இருப்பார். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் டெட் பீரியட் நடக்கும்போதே 30-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கல்லூரிக்கு வரவழைத்தது பின்னால் அம்பலமானது. பயிற்சியாளர் ஹெர்ம் எட்வர்ட்ஸ் 2022 செப்டம்பரில் வெளியேறினார். 2023 பருவத்தில், ஆண்டு இறுதிப் போட்டிகளில் ஆட மாட்டோம் என்று பல்கலைக்கழகமே தனக்குத் தண்டனை விதித்துக்கொண்டது. அந்தத் தண்டனையை அனுபவித்த வீரர்களில் பலருக்கு அந்தத் தவறில் எந்தப் பங்கும் இல்லை.

டென்னசி வழக்கில் என்.சி.ஏ.ஏ. 2023 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. 200-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள், 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம். டெட் பீரியடில் மாணவர்களை வரவழைத்ததும் அந்தப் பட்டியலில் உண்டு. மிச்சிகனின் ஜிம் ஹார்பா மீதும் தடைக் காலத்தில் மாணவர்களைச் சந்தித்ததாக வழக்கு. சந்திப்பில் சாப்பிட்ட பர்கரை வைத்து ஊரெல்லாம் கிண்டல் ஓடியது. விசாரணையில் உண்மை பேசவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. தான் பொய் சொல்லவில்லை என்றார் அவர். 2024 ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ. நான்காண்டுத் தண்டனை விதித்தபோது அவர் கல்லூரியை விட்டுத் தொழில்முறை அணிக்குப் போயிருந்தார்.

பெயர் தெரியாதவர்கள்

செய்தியில் வராதவன் ஒருவன் இருக்கிறான். சின்ன ஊர்ப் பள்ளி. பதினாறு வயதில் ஒல்லியாக இருந்து, பதினேழில் திடீரென்று வளர்ந்தவன். வழக்கமான ஆண்டில் ஜூன் முகாம் ஒன்றுக்கு அப்பாவோடு போயிருப்பான், ஓடிக் காட்டியிருப்பான், ஒரு பயிற்சியாளர் திரும்பிப் பார்த்திருப்பார். அந்த ஒரு மத்தியானத்தில் வாழ்க்கை மாறியவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. 2020-ல் அந்த மத்தியானம் வரவே இல்லை. ஏற்கெனவே பெயர் தெரிந்தவர்கள் ஏப்ரலிலேயே இடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

2021 ஜூன் 1 அன்று கதவு திறந்தது. அடுத்த வகுப்பு மாணவர்கள் பெற்றோரோடு ஒரே மாதத்தில் கல்லூரி கல்லூரியாக அலைந்தார்கள். ஆனால் அதற்குள் பயிற்சியாளர்களின் மனக்கணக்கு மாறியிருந்தது. கூடுதல் ஆண்டு கிடைத்த பழைய வீரர்கள் இருக்கிறார்கள், வேறு கல்லூரியிலிருந்து தாவி வர அனுபவசாலிகள் தயாராக இருக்கிறார்கள். இருபத்தோரு வயதில் நிரூபித்துக் காட்டியவன் கிடைக்கும்போது, பதினேழு வயதுப் பையனைச் சேர்த்து மூன்று வருஷம் வளர்ப்பானேன்? இந்தக் கேள்வி இன்றும் போகவில்லை.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். ‘இன்றே சொல்’ என்ற அவசரம் பயிற்சியாளருடையது. அவருடைய பட்டியல், அவருடைய வேலை. அதைப் பையன் தன்னுடைய அவசரம் என்று நினைத்துக்கொண்டான். முடிவு தவறினால் பயிற்சியாளருக்குப் பட்டியலில் அடுத்த பெயர் இருக்கிறது. பையனுக்குப் போவது அவனுடைய ஒரு வருஷம்.

அமெரிக்காவில் பெற்றோர்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் ஒரு பழைய சோதனை உண்டு. முதல் நாளே கால் முறிந்து, இனி ஆடவே முடியாது என்று ஆகிவிட்டால், உன் பிள்ளை அந்தக் கல்லூரியில் தொடர்ந்து படிப்பானா? அந்த ஊர் பிடிக்குமா, எடுத்த பாடம் பிடிக்குமா? ‘ஆமாம்’ என்றால் போகட்டும். அழைத்த பயிற்சியாளர் நாளைக்கே வேறு ஊர் போனாலும் இதே பதில் வருமா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். டென்னசியும் ஓக்லஹோமாவும் காட்டியது அதைத்தான்.

விதிகள் அதற்குப் பிறகு தலைகீழாக மாறிவிட்டன. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரிகளே அவர்களுக்கு வருமானத்தில் பங்கு தரலாம். 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய், அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. போனில் வரும் அந்த வசனம் மட்டும் மாறவில்லை: ‘இடம் முடியப்போகிறது, சீக்கிரம் சொல்லு.’

அந்த வசனம் எந்தக் கல்லூரியிலிருந்து, எந்தப் படிப்புக்காக நம் வீட்டுப் போனுக்கு வந்தாலும், பதில் சொல்லும் முன் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடுங்கள். வாசலில் விளக்குப் போட்ட கட்டடத்தைப் பார்த்தால் போதாது. கேன்டீனில் உட்கார்ந்து, அங்கே படிக்கும் சாதாரணப் பிள்ளை ஒன்றிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். 2020-ல் அந்தப் பையன்களுக்குக் கிடைக்காமல் போனது அந்தப் பத்து நிமிஷம்தான்.